ஆத்துத் தண்ணி, போர் தண்ணி, கேன் தண்ணி: நம்ம வீட்டுத் தண்ணிய நாமளே சோதிச்சு சரி பண்றது எப்படி? நெல்லைப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்க வீட்டு மொட்டமாடியில முன்னாடி ஒரே டேங்க் தான் இருந்துச்சு, ஆனா அதுக்குள்ள ரெண்டு தண்ணி விழும். ஒண்ணு மாநகராட்சி பைப்புல ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற ஆத்துத் தண்ணி, சம்ப்புல பிடிச்சு மோட்டார் போட்டு மேல ஏத்துவோம். அது பத்தலேன்னா போர் சுவிட்ச தட்டிருவோம், அதுவும் அதே டேங்குக்குத் தான் போகும். பாளையங்கோட்டையச் சுத்திப் புதுசா வந்த நகர் எல்லாத்துலயும் பாதி வீட்டுக் கதை இதுதான். கேட்டா "எங்க தண்ணி கொஞ்சம் உப்பு"ம்பாங்க, அடுத்த வாரம் "இப்ப பரவாயில்ல"ம்பாங்க, ஏன்னா திங்கக்கிழமை குளிச்ச தண்ணியும் புதன்கிழமை குளிச்ச தண்ணியும் ஒண்ணே கிடையாது.

இத நான் புரிஞ்சுக்கிறதுக்கு முன்னாடி பதினஞ்சாயிரம் ரூவாய்க்கு ஒரு ஆர்.ஓ. மிஷின் வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்த ஒருத்தர் ரெண்டு டம்ளர்ல தண்ணி எடுத்து, ஒண்ணு எங்க குழாய்த் தண்ணி, ஒண்ணு அவர் கொண்டு வந்த தண்ணி, ரெண்டுலயும் கம்பிய விட்டு கரண்ட் குடுத்தாரு, ஒரே நிமிசத்துல எங்க தண்ணி பச்சையும் பழுப்புமா கசடு கட்டி சாக்கடை மாதிரி ஆயிருச்சு. எங்க அம்மை பயந்து போயி "இதயா இம்புட்டு நாளா பிள்ளைகளுக்குக் குடுத்தோம்"னு கேட்டாவ, அப்பவே அட்வான்ஸ் குடுத்துட்டோம். பொறவு தான் தெரிஞ்சுது, அந்தக் கசடு தண்ணில இருந்து வரல, கம்பில இருந்து வந்தது. அது இரும்புக் கம்பி, கரண்ட் போனா கரைஞ்சு துருவா இறங்கும். தண்ணில கொஞ்சமாவது உப்பு இருந்தா தான் கரண்ட் போகும், அவர் கொண்டு வந்தது ஆர்.ஓ. தண்ணி, அதுல உப்பு ரொம்பக் கம்மி, அதனால அந்த டம்ளர் தெளிவா நிக்கும். உங்க வீட்டுக்கு யாராவது இப்படி வந்தா அவரோட நல்ல டம்ளர்ல ஒரு சிட்டிகை சமையல் உப்பப் போட்டுட்டு மறுபடி கம்பிய விடச் சொல்லுங்க, அதுவும் அதே கசடு தான் ஆகும். இதுல கோவம் என்னன்னா எங்க ஆத்துத் தண்ணிக்கு அந்த மிஷினே தேவையில்ல, தேவைப்பட்டது போர் தண்ணிக்கு வேற ஒரு ஏற்பாடு.

அதனால மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணனும்னு வரிசையா எழுதுறேன்.

முதல் வேலை: எந்தக் குழாய்ல எந்தத் தண்ணின்னு வரைஞ்சு வைங்க

ஒரு பேப்பர எடுத்து வீட்டுக்குள்ள தண்ணி எங்கெங்க இருந்து வருது, எந்த டேங்க்ல சேருது, எந்தக் குழாய்ல இறங்குதுன்னு கோடு போடுங்க. மாநகராட்சி இல்ல பஞ்சாயத்துக் குழாய், போர், கிணறு, லாரி, கேன், மழைத் தண்ணி, எல்லாம். சில வீட்ல வாசல்ல இருக்கிற குழாய் நேரடியா தெரு லைன்ல இருந்து வரும், அடுப்படிக் குழாய் டேங்க்ல இருந்து வரும், ரெண்டும் வேற தண்ணி. இத வரையாம எந்தச் சோதனையும் பண்ணாதீங்க, பண்ணா எந்தத் தண்ணிய சோதிச்சோம்னே தெரியாது.

ஏன் நம்ம பக்கம் இது இவ்வளவு முக்கியம்னா இங்க பத்து இருவது கிலோமீட்டர்ல தண்ணியோட குணமே மாறிரும். தாமிரபரணி பொதிகை மலைல பொறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி வழியா திருநெல்வேலி வந்து, ஸ்ரீவைகுண்டம் தாண்டி புன்னைக்காயல்ல கடல் சேருது. மலைல இருக்கிறது லேசுல கரையாத கெட்டிப் பாறை, பெய்யுற மழை அதுமேல வழிஞ்சு வேகமா இறங்கிருது, அதனால ஆத்துத் தண்ணி சப்பத் தண்ணி, சோப்பு நல்லா நுரைக்கும். நம்ம குழாய்க்கு அத பெரும்பாலும் ஆத்துக்குள்ள உறைகிணறு போட்டுத் தான் எடுக்காங்க, ஆத்து மணலே பாதி வடிகட்டிக் குடுத்துருது (மணல் அள்ளாதீங்கன்னு பெரியாளுங்க கத்துனதுக்கு இது ஒரு காரணம்).

ஆனா அதே ஊர்ல 300 அடிக்கு போர் போட்டா கதையே வேற. அந்தத் தண்ணி பாறை இடுக்குல வருசக்கணக்கா கெடந்து கல்லக் கரைச்சு வச்சிருக்கும். தாழையூத்துல சிமெண்ட் ஆலையே வந்தது அங்க சுண்ணாம்புக்கல்லு இருக்கிறதால தான், அப்ப அந்த நிலத்துத் தண்ணில சுண்ணாம்பு இல்லாம வேற என்ன இருக்கும்? தெக்க போனா நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைன்னு மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, உவரி, கூடங்குளம் பக்கம் கடலே கிட்டத்துல, கரைய ஒட்டி போர்ல ரொம்ப உறிஞ்சுனா உப்புத் தண்ணி உள்ள ஏறிரும். எங்க அக்காவ குடுத்தது ராதாபுரம் பக்கம், அங்க இருந்து லீவுக்கு வந்தா முதல் வேலையா தலைக்குக் குளிப்பா. "இங்கன தான்லே சீயக்கா போகுது"ம்பா.

கடினம் வேற, உப்பு வேற, கிருமி வேற

எல்லாத்தையும் சேத்து "உப்புத் தண்ணி"ன்னு ஒரே பேர்ல சொல்லிப் பழகிட்டோம். கடினத்தன்மைன்னா தண்ணில கரைஞ்சிருக்கிற கால்சியமும் மக்னீசியமும். சோப்போட சேந்து திரிதிரியா வெள்ளைப் பிசுக்கு ஆகுறது, ஹீட்டர்ல, வாளில, டைல்ஸ்ல வெள்ளையா படியுறது, பருப்பு வேகாம கல்லு மாதிரி நிக்குறது, எல்லாம் இதோட வேலை. நாக்குல கரிக்குறது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது நம்ம சாப்பாட்டு உப்பே தான். ரெண்டும் சேந்தும் இருக்கலாம், தனித்தனியாவும் இருக்கலாம். கிருமிக்கு ருசியும் கிடையாது நிறமும் கிடையாது, பளிங்கு மாதிரி இருக்கிற ஆத்துத் தண்ணில அது இருக்கலாம், வாயில வைக்க முடியாத உப்புத் தண்ணில இல்லாமலும் இருக்கலாம்.

கடினத்துலயே ரெண்டு வகை இருக்கு, இத மட்டும் நல்லா பிடிச்சுக்கோங்க, பொறவு பணம் மிச்சமாகும். கால்சியம் பைகார்பனேட்டா இருந்தா காய்ச்சுனா சுண்ணாம்பா கீழ படிஞ்சிரும், இது தற்காலிகக் கடினம், சுண்ணாம்புப் பாறைப் பக்கம் அதிகம். குளோரைடா சல்பேட்டா இருந்தா எவ்வளவு காய்ச்சுனாலும் போகாது, இது நிரந்தரக் கடினம். கடல் தண்ணில கால்சியத்த விட மக்னீசியம் மூணு மடங்கு, அதனால கடலோர போர்ல கடல் தண்ணி கலந்திருந்தா வர்ற கடினம் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை. தாழையூத்து ஆளுக்கு சரியா வர்ற யோசனை உவரி ஆளுக்கு வராதுங்கிறது இதனால தான்.

"கடினத் தண்ணி குடிச்சா கிட்னில கல்லு வரும்"னு ஊரெல்லாம் பேச்சு. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்த வச்சு ஒரு வரம்பே வைக்கல. ருசி, சமையல், துணி, பைப்பு, மிஷின், இதுக்குத் தான் அது தொந்தரவு. பயப்பட வேண்டியது ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி இந்த மூணுக்கும், ஆனா இந்த மூணும் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது.

ரெண்டாவது வேலை: காசு செலவில்லாத சோதனைகள்

சோப்புச் சோதனை. ஒரே மாதிரி மூணு சின்ன பாட்டில், மூணுலயும் ஒரே அளவு தண்ணி, அரை டம்ளர் போதும். ஒண்ணுல மழைத் தண்ணி இல்ல ஆர்.ஓ. தண்ணி, ரெண்டாவதுல ஆத்துக் குழாய், மூணாவதுல போர். குளியல் சோப்ப சீவி கொஞ்சம் மழைத் தண்ணில கரைச்சு வச்சுக்கோங்க. ஷாம்பூ, துணிப் பவுடர், பாத்திரம் கழுவுற லிக்விட் வேண்டாம், அதெல்லாம் கடினத் தண்ணிலயும் நுரைக்கிறதுக்குன்னே செஞ்சது, உங்கள ஏமாத்திரும். ஒவ்வொரு பாட்டில்லயும் அஞ்சு சொட்டு விட்டு குலுக்குங்க, நுரை நிக்கலேன்னா மறுபடி அஞ்சு சொட்டு, நுரை அஞ்சு நிமிசம் கலையாம நிக்கிற வரைக்கும் எண்ணுங்க. மழைத் தண்ணிக்கு 5 சொட்டுல முடிஞ்சது போர் தண்ணிக்கு 40, 50ன்னு போனா உங்களுக்கே விளங்கிரும். தண்ணி பால் மாதிரி கலங்கி மேல திரி மிதந்தா அது தான் வீணாப் போற சோப்பு.

காய்ச்சுற சோதனை. போர் தண்ணிய ஒரு லிட்டர் எடுத்து பத்து நிமிசம் கொதிக்க விட்டு ஆற வச்சு, துணில வடிகட்டி, திரும்ப சோப்புச் சோதனை பண்ணுங்க. சொட்டு நல்லா குறைஞ்சா தற்காலிகக் கடினம். குறையலேன்னா நிரந்தரம்.

வாளில வச்சுப் பாக்குறது. வெள்ளை வாளில போர் தண்ணிய ராத்திரி பிடிச்சு காலைல பாருங்க. பிடிக்கும்போது தெளிவா இருந்து காலைல மஞ்சளா அடில படிஞ்சா இரும்பு. பால் ஊத்தாத டீத் தண்ணிய அந்தத் தண்ணில கொஞ்சம் ஊத்துனா மை மாதிரி கறுத்துரும், அதுவும் இரும்புக்கு அடையாளம். முட்டை அழுகுன வாடை வந்தா ஹைட்ரஜன் சல்பைடு, கொஞ்ச நேரம் காத்தோட்டமா வச்சா வாடை குறையும்.

மூணாவது வேலை: மீட்டரும் சொட்டு கிட்டும்

டி.டி.எஸ். மீட்டர் முன்னூறு நானூறு ரூவாய்க்குக் கெடைக்கும், வாங்குங்க, தெருவுக்கு ஒண்ணு போதும். ஆனா அது என்ன காட்டுதுன்னு தெரிஞ்சு வாங்குங்க. அது தண்ணில கரண்ட் எவ்வளவு போகுதுன்னு பாத்து அத வச்சு மொத்த உப்ப ஒரு நம்பரா சொல்லுது, அவ்வளவு தான். அதுல கால்சியம் எவ்வளவு, சமையல் உப்பு எவ்வளவு, ஃப்ளோரைடு இருக்கா, கிருமி இருக்கா, எதுவும் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணில கூட 200 காட்டலாம். ஆனா ஒரு விசயத்துக்கு அது ரொம்ப உபயோகம்: எந்தக் குழாய்ல எந்தத் தண்ணி வருதுன்னு பிரிச்சுக் காட்டிரும். நான் ஒரு வாரம் தினமும் காலைல அடுப்படிக் குழாய்ல பாத்து எழுதுனேன், ஒருநாள் 140, மறுநாள் 620, அடுத்த நாள் 390. டேங்க்ல எது எவ்வளவு கலந்திருக்குன்னு அப்பவே புரிஞ்சுது.

கடினத்தன்மைக்கு தனி சொட்டு கிட் இருக்கு, மீன் தொட்டி சாமான் விக்கிற கடைலயும் லேப் கெமிக்கல் கடைலயும் கேட்டா கெடைக்கும். குறிச்ச அளவு தண்ணிய சின்னக் குப்பில எடுத்து, முதல் பாட்டில்ல இருந்து பஃபர் சொட்டு, அடுத்து இண்டிகேட்டர் போட்டா தண்ணி கத்தரிப்பூ செவப்பாகும். பொறவு மூணாவது பாட்டில்ல இருக்கிற ஈ.டி.டி.ஏ. கரைசல ஒவ்வொரு சொட்டா விட்டு குலுக்கி எண்ணிக்கிட்டே வாங்க, செவப்பு மொத்தமா போயி சுத்த நீலம் ஆகுற சொட்டோட நிறுத்துங்க. ஒரு சொட்டுக்கு எத்தன மில்லிகிராம்னு அட்டைல போட்டிருக்கும், பெருக்கிக்கோங்க. அவசரப்படாம பைய விடுங்க, கடைசி ரெண்டு மூணு சொட்டுல தான் தப்பு வரும். வாஷிங் மிஷின் புத்தகத்துல ஜெர்மன் டிகிரின்னு போட்டிருந்தா ஒரு டிகிரின்னா லிட்டருக்கு 17.8 மில்லிகிராம்.

வர்ற நம்பர எதோட ஒப்பிடணும்? இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, 2012ல வந்தது. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு, அத தான் பிபிஎம்னும் சொல்லுதாங்க. மொத்தக் கடினம் 200க்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லேன்னா 600 வரைக்கும் ஏத்துக்கலாம். டி.டி.எஸ். 500, வேற வழியில்லேன்னா 2000. குளோரைடு 250, வழியில்லேன்னா 1000. ஃப்ளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, இதுல சலுகையே கிடையாது. பி.எச். 6.5ல இருந்து 8.5. ஈ.கோலை கிருமி 100 மில்லில ஒண்ணு கூட இருக்கக் கூடாது. இத ஒரு சீட்டுல எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டிருங்க.

நாலாவது வேலை: லேப்புக்குக் குடுக்கிறது

போர் தண்ணிய யாராவது குடிக்கிற வீடா இருந்தா இத தாண்டாதீங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல லேப் இருக்கு, பொதுமக்கள் தண்ணியும் கட்டணம் வாங்கிட்டு சோதிச்சுக் குடுப்பாங்க. கிராமத்துல இருக்கிறவங்க பஞ்சாயத்துல கேளுங்க, ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்கு ஃபீல்டு கிட் வச்சு தண்ணி சோதிக்கப் பயிற்சி குடுக்கணும்னு இருக்கு, அந்த கிட்ல கடினம், குளோரைடு, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு எல்லாம் தோராயமா பாத்துரலாம்.

தண்ணி எடுக்கிறதுல தான் பாதி பேர் கோட்டை விடுதாங்க. ரசாயனச் சோதனைக்கு ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன், எண்ணெய் கேனு, ஜூஸ் பாட்டில் வேண்டாம். போர் மோட்டார பத்து நிமிசம் ஓட விட்டு, டேங்க்ல இருந்து எடுக்காம நேரடியா பைப்புல, அதே தண்ணில கேன மூணு வாட்டி அலசிட்டு, காத்து நிக்காம கழுத்து வரைக்கும் பிடிங்க. இடம், தேதி, நேரம், போர் எத்தன அடி, எல்லாம் மேல ஒட்டி அன்னைக்கே குடுத்துருங்க. கிருமிச் சோதனைக்கு லேப்லயே பாட்டில் குடுப்பாங்க, அத அலசக் கூடாது, உள்ள இருக்கிற மருந்து குளோரின முறிக்கிறதுக்குப் போட்டது. குழாய் வாயத் துடைச்சு ரெண்டு நிமிசம் ஓட விட்டு, கை படாம பிடிச்சு, ஐஸ் போட்ட டப்பால வச்சு ஆறு மணி நேரத்துக்குள்ள சேத்துருங்க.

வருசத்துக்கு ரெண்டு வாட்டி பாக்கிறது நல்லது. மே மாசம் ஒண்ணு, கார்த்திகை மார்கழி மழையெல்லாம் ஓஞ்சு ஜனவரில ஒண்ணு. போர் தண்ணி சித்திரைல ஒரு ஆளு, தைல வேற ஆளு.

ரிப்போர்ட்ல ஒரு விசயம் கட்டாயம் பாருங்க. "எங்க போர் தண்ணி சோப்பு நல்லா போகுது, அப்ப நல்ல தண்ணி தான்"னு சொல்றவங்க உண்டு. கால்சியம் நெறய இருக்கிற தண்ணில ஃப்ளோரைடு அதிகமா கரைஞ்சு நிக்காது, ரெண்டும் சேந்து படிஞ்சிரும். கால்சியம் கம்மியான போர் தண்ணில தான் ஃப்ளோரைடு ஏறி நிக்க வாய்ப்பு கூட. அதனால ஆழமான போர்ல சப்பத் தண்ணி வந்தா சந்தோசப்படுங்க, ஆனா ஃப்ளோரைடு பாத்த பொறவு குடிங்க. பிள்ளைகளுக்குப் பல்லுல பழுப்புக் கோடு விழுறது இதால தான், பெரியவங்களுக்கு வருசக்கணக்கா போனா எலும்புலயும் சேரும். காய்ச்சுனா போகாது, தண்ணி சுண்டுறதால கூடத் தான் செய்யும். நைட்ரேட்டும் அப்படித்தான், செப்டிக் டேங்க் பக்கத்துல போர் இருந்தாலோ சுத்தி உரம் போடுற வயல் இருந்தாலோ சந்தேகப்படுங்க, ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற பச்சப்பிள்ளைக்கு பால் பவுடர் கரைக்க அந்தத் தண்ணிய எடுக்கவே கூடாது.

அஞ்சாவது வேலை: எந்தத் தண்ணிய எதுக்குன்னு பிரிக்கிறது

நம்ம பிரச்சனைல பெரும்பாதி இந்த ஒரு வேலைல தீரும், மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. நாங்க பண்ணது இது தான்: மாடில 500 லிட்டர்ல இன்னொரு டேங்க் வச்சு ஆத்துத் தண்ணிய அதுக்கு மட்டும் ஏத்துனோம், அதுல இருந்து தனி பைப்பு அடுப்படிக்கும் வாஷிங் மிஷினுக்கும். போர் தண்ணி பழைய டேங்க்ல, கக்கூஸ், வாசல் தெளிக்க, வண்டி கழுவ. பிளம்பர் கூலியும் பைப்பும் சேத்தே ஆர்.ஓ. மிஷின்ல பாதிக் காசு தான் ஆச்சு.

ஆத்துத் தண்ணி பத்தாதவங்க கணக்குப் போட்டுக் கலக்கலாம். போர் கடினம் 600, ஆத்துத் தண்ணி 60ன்னு வைங்க. ஒரு குடம் போருக்கு மூணு குடம் ஆத்துத் தண்ணி கலந்தா 600ம் மூணு 60ம் சேந்து 780, நாலால வகுத்தா 195. துணிக்கும் குளிக்கவும் இது போதும். மாத்திக் கலந்தா, மூணு போர் ஒரு ஆறுன்னா 465, அதுல சோப்பு வீண்.

மழைத் தண்ணிய மறந்துறாதீங்க. 2003லயே தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆச்சு, பாதி வீட்ல அந்தப் பைப்பு இப்ப சும்மா தொங்குது. முதல் பத்து நிமிச மழைய வெளிய விட்டுட்டு அடுத்து வர்றத மூடுன டிரம்ல பிடிச்சா அதுல கடினம் கிட்டத்தட்ட சுழி. துணிக்கும் இன்வர்ட்டர் பாட்டரி தவிர்த்த மத்த வேலைக்கும் அருமை, பருப்பு பஞ்சா வேகும். போர் பக்கத்துல குழி எடுத்து உள்ள இறக்குனா வருசம் போகப் போக போர் உப்பும் குறைய வாய்ப்பிருக்கு.

கடினத் தண்ணில சமைச்சே ஆகணும்னா: பருப்ப முந்தின ராத்திரி காய்ச்சி வடிகட்டுன தண்ணில ஊற வைங்க. ஆப்பச்சோடா போட்டா சீக்கிரம் வேகும் ஆனா சத்துல கொஞ்சம் போயிரும். இட்லிச் சட்டி அடில ஒரு புளித்துண்டோ பிழிஞ்ச எலுமிச்சம்பழத் தோலோ போடுங்க, வெள்ளை படியாது, எங்க ஆச்சி காலத்துப் பழக்கம், அதுல இருக்கிற புளிப்பு சுண்ணாம்பக் கரைச்சிருது. கெட்டிலும் ஹீட்டர் கம்பியும் வெள்ளை கட்டிட்டா ஒரு லிட்டர் தண்ணில ரெண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு ஒரு மணி நேரம் ஊற வச்சா பொங்கி விட்டுரும், கத்தி வச்சு சுரண்ட வேண்டாம். பாத்ரூம் டைல்ஸுக்கு ஆசிட் ஊத்துறவங்க ஒண்ணு மட்டும் கேளுங்க, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீங்க, குளோரின் வாயு வரும், மூடுன பாத்ரூம்ல மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து.

மிஷின் வாங்குறதா இருந்தா

சாஃப்ட்னர்: போர் கடினம் 300க்கு மேல, வேற தண்ணியே இல்ல, குளிக்க துவைக்க எல்லாம் அது தான்னா இது சரி. உள்ள இருக்கிற ரெசின், அதாவது சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணி, கால்சியத்தப் பிடிச்சுட்டு சோடியத்த விடும், அதனால சோப்பு நுரைக்கும், ஆனா டி.டி.எஸ். குறையாது, கரிப்பும் போகாது. ஒரு கணக்கு: கடினம் 500, ஒரு நாளைக்கு 500 லிட்டர்னா நாளுக்கு 250 கிராம் கடினத்த எடுக்கணும். ஒரு லிட்டர் ரெசின் தோராயமா 50 கிராம் பிடிக்கும், 25 லிட்டர் ரெசின்னா 1250 கிராம், அஞ்சு நாளைக்கு ஒருக்கா உப்புக் கரைசல் விட்டுக் கழுவணும், ஒவ்வொரு தடவையும் மூணு கிலோ உப்பு மாதிரி ஆகும். தூத்துக்குடி கல்லுப்பு பக்கத்துலயே கெடைக்கிறதால செலவு கம்மி, மண்ணு இல்லாத உப்பா வாங்குங்க. பிரஷர் இருக்கிறவங்க அந்தத் தண்ணியக் குடிக்க வேண்டாம், செடிக்கும் ஊத்தாதீங்க. பைப்ப சுத்தி மாட்டுற காந்தம், எலக்ட்ரானிக் பெட்டி விக்க வந்தா சொட்டு கிட்ட எடுத்து முன்னாடி ஒருக்கா பின்னாடி ஒருக்கா சோதிச்சுக் காட்டச் சொல்லுங்க, நம்பர் மாறாது.

ஆர்.ஓ.: டி.டி.எஸ். 500க்கு மேல, இல்ல ஃப்ளோரைடு, நைட்ரேட், கரிப்பு இருந்தா குடிக்க மட்டும் இது வேணும், ராதாபுரம் பக்கத்துக்கு இது இல்லாம முடியாது. ஆத்துத் தண்ணி குடிக்கிற வீட்டுக்கு வேண்டாம். தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019ல 500க்குக் கீழ இருக்கிற இடத்துல ஆர்.ஓ.வ தடை பண்ணச் சொல்லுச்சு. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு சாதாரணமா மூணு லிட்டர் வெளிய போகும், குடிக்க சமைக்க 15 லிட்டர்னா 45 லிட்டர் சாக்கடைக்கு. அந்தக் கழிவுத் தண்ணிய வாளில பிடிச்சு கக்கூஸுக்கும் தரை தொடைக்கவும் எடுங்க. ஆத்துத் தண்ணிக்கு காய்ச்சுறதோ, யு.வி. விளக்கு இருக்கிற சின்ன ஃபில்டரோ போதும்.

ஆறாவது வேலை: கிருமி

ஆத்துத் தண்ணிக்காரங்க கவலப்பட வேண்டியது இங்க தான். ஊர் சாக்கடை ஆத்துல கலக்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், அதுபோக நம்ம தெரு பைப்புல தண்ணி விட்டு விட்டு வருது. தண்ணி நின்ன நேரத்துல பைப்பு காலியா இருக்கும், எங்கயாவது விரிசல் இருந்தா பக்கத்துல தேங்குன சாக்கடைய உள்ள இழுத்துரும். தெரு லைன்ல நேரடியா மோட்டார் மாட்டி உறிஞ்சுனா இன்னும் மோசம், உங்களுக்குத் தண்ணி கூட வரும், தெருவுக்கே சாக்கடையும் சேந்து வரும். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. தண்ணி வந்ததும் முதல் அஞ்சு நிமிசத்த வாசலுக்கு விட்டுட்டு பொறவு குடிக்கப் பிடிங்க.

கிருமியக் கொல்லப் போடுற குளோரின் குழாய்த் தண்ணில இருக்கான்னு பாக்க ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) கரைசல் சொட்டு போதும், மஞ்சளானா இருக்கு, நிறம் மாறலேன்னா இல்ல. தெருக் கடைசி வீட்டுக் குழாய்லயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கணும். சோதிச்ச தண்ணியக் கீழ கொட்டிருங்க, குடிக்கக் கூடாது. பிளீச்சிங் வாடை அடிக்குன்னு திட்டாதீங்க, அந்த வாடை வர்ற அன்னைக்கு நிம்மதியா இருங்க, திறந்த பாத்திரத்துல ரெண்டு மணி நேரம் வச்சா போயிரும்.

ஐப்பசில புதுத்தண்ணி வந்து குழாய்ல செக்கச்செவேர்னு வரும்போது சீனிக்காரக் கட்டிய (படிகாரம்) குடத்துத் தண்ணிக்குள்ள ரெண்டு சுத்து சுத்தி எடுத்துட்டு ராத்திரி அசையாம விட்டா மண்ணெல்லாம் அடில தங்கிரும், இல்லேன்னா தேத்தாங்கொட்டைய குடத்து உள்பக்கம் தேய்ச்சு விடலாம். தெளிஞ்சா கிருமி போயிருச்சுன்னு அர்த்தமில்ல, மேல்தண்ணிய இறுத்து கட்டாயம் காய்ச்சுங்க.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல கிணறும் சம்ப்பும் முங்குன வீடு எத்தனையோ. அப்படி முங்குனா மொதல்ல இறைச்சு, சேற அள்ளி, செவுர தேய்ச்சுக் கழுவணும். டேங்க், சம்ப்புன்னா திரும்ப நெரப்பி 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் வாளில கரைச்சு தெளிஞ்சத ஊத்தி ராத்திரி பூரா விட்டு, காலைல மொத்தமா வெளியேத்துங்க. கிணத்துக்கு அன்றாடம் போடுறதுன்னா 1000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். கிணத்துத் தண்ணி அளவுக்கு: குறுக்களவு அடில, அத அதாலயே பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, 22ஆல பெருக்குனா லிட்டர் தோராயமா வந்துரும். 6 அடி கிணறு, 10 அடி தண்ணின்னா கிட்டத்தட்ட 8000 லிட்டர், 20 கிராம் பவுடர். மளிகைக் கடை அண்ணாச்சிகிட்ட குடுத்தா தராசுல நிறுத்துத் தருவாரு. போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு இறைக்கணும். திறந்து கெடந்த பழைய பவுடர்ல வீரியம் இருக்காது.

ஏழாவது வேலை: தெருவாச் சேந்து பண்றது

ஒரு வீட்டு நம்பர வச்சு யார்கிட்டயும் பேச முடியாது, பதினாலு வீட்டு நம்பர் இருந்தா பேசலாம். எங்க தெருவுல ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டோம்: கதவு எண், குழாயா போரா, தேதி, டி.டி.எஸ்., கடினம், குளோரின் இருந்துச்சா, வாடை நிறம். ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு காலேஜ் பிள்ளைங்க மீட்டரயும் கிட்டையும் எடுத்துட்டுப் போயி ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. தெரு முனை வீட்ல குளோரின் இருந்து கடைசி நாலு வீட்ல இல்லாம இருந்துச்சு, நடுவுல எங்கயோ பைப்பு ஒடைஞ்சிருக்குன்னு அதுலயே சந்தேகம் வந்து, நோட்டு பக்கத்த போட்டோ எடுத்து மனுவோட வச்சுக் குடுத்தோம். வாயால புகார் சொன்னப்ப வராத ஆளுங்க அந்தத் தாளப் பாத்து வந்து தோண்டுனாங்க, சாக்கடை வாறுகாலுக்குக் கீழ தான் ஒடைஞ்சு கெடந்துச்சு.

கிராமத்துல இருக்கிறவங்களுக்கு கிராமசபை இருக்கு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்கும் நவம்பர் 1க்கும் கூடுது. மார்ச் 22க்கு கட்டாயம் போங்க. மூணே கேள்வி கேளுங்க: மேல்நிலைத் தொட்டி கடைசியா எந்தத் தேதில கழுவுனீங்க, கடைசி லேப் ரிப்போர்ட் எங்க, கடைசித் தெருவுல குளோரின் யார் பாக்காங்க. பதில மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க.

எங்க நோட்டுல அடுத்த வரிசை மே மாசத்துக்குக் கோடு போட்டு வச்சிருக்கோம். கிட்டு இப்ப பக்கத்துத் தெரு மதினி வீட்ல இருக்கு, அவங்க போர் 900 அடின்னு சொன்னாங்க, தண்ணி சப்பையா தான் இருக்காம், ஃப்ளோரைடுக்கு கேன் பிடிச்சு திங்கக்கிழமை லேப்புல குடுக்கச் சொல்லியிருக்கேன்.